தயிர்சாதம் என்றொரு அணி

1

போன ஆகஸ்டில் ஒரு காலை, ஆபீசுக்குக் கிளம்பிக் காரில் ஏறிய நேரம் பார்த்து மணி கூப்பிட்டான். மணி என் தம்பி. திருவனந்தபுரத்தில், வலியசாலையில், நாங்கள் பிறந்த அதே வீட்டில் இருக்கிறான். பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறான். அது பிழைப்பு. அவன் வாழ்க்கை தெருக் கிரிக்கெட் அணி. காலேஜ் முடித்த வருஷம் அதைக் கையில் எடுத்தவன், தலை நரைத்த பிறகும் விடவில்லை. பேட் வாங்குவது, மைதானத்துக்கு அனுமதி வாங்குவது, பையன்களின் அம்மாக்களிடம் திட்டு வாங்குவது எல்லாம் அவன்தான்.

"அக்கா, டீமுக்கு ஒரு பேர் வேணும். ஞாயத்துக்கிழமைக்குள்ள."

"இருக்கற பேருக்கு என்ன கேடு?"

"அது ஒரு பேராக்கும்! ‘வலியசாலை இளைஞர் கலை விளையாட்டுக் கழகம்’. சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒரு ஓவர் முடிஞ்சுடும்."

விஷயம் இதுதான். இந்த ஓணத்துக்கு வார்டு லீக் வருகிறது. பெரிய லீக்குகளைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட குட்டி லீக். ஆட்டக்காரர்களை ஏலம் விடுவார்களாம், கலர் ஜெர்ஸியாம், டிரோன் கேமராவாம், விக்கெட் விழுந்தால் பாட்டாம். எங்கள் தெரு அணிக்கு ஸ்பான்சராக வந்தவர் ஹரிஹரன். பழவங்காடியில் சைவ ஹோட்டல் வைத்திருப்பவர், எங்கள் தெருக்காரர்தான். அவர் அணிக்கு ‘ராயல் லயன்ஸ்’ என்று பெயர் வைக்கச் சொல்கிறார்.

"பேர் மாறினா மேனேஜரும் மாறணுமாம் அக்கா. அவனோட மருமான், டெக்னோபார்க்கில இருக்கான், அவனுக்கு டேட்டா எல்லாம் தெரியுமாம்."

"அப்ப நீ?"

"நான் உபதேசகன். ஒரு கசேரி போட்டுத் தருவா. உட்காந்துக்கலாம்."

கமிட்டித் தலைவர் மட்டும் மணி பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஹரிஹரன் சொன்ன பெயரைத் தோற்கடிக்கிற மாதிரி ஒரு பெயர் வந்தால், பெயரோடு ஆளையும் பழையபடி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். ஆகவே ஒரு பெயர் கிடைத்தால் என் தம்பிக்கு அணி உண்டு, கிடைக்காவிட்டால் கசேரி, வெறும் நாற்காலி.

"அமெரிக்காவுல டீமுக்கெல்லாம் எப்படிப் பேர் வெக்கறா? நோக்குத் தெரியாம இருக்குமா?" என்றான்.

வெளிநாட்டில் இருப்பவளுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் தெருவின் அசைக்க முடியாத நம்பிக்கை. முட்டிவலிக்கும் என்னைத்தான் கேட்பார்கள், டிரம்ப் காலத்து விசாவுக்கும் என்னைத்தான் கேட்பார்கள். முதல் தடவையாக எனக்கு நிஜமாகவே தெரிந்த ஒன்றைக் கேட்டிருந்தார்கள்.

2

எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லவேண்டும்.

ஒஹாயோவில் ஏரிக்கரையில் ஒரு நகரம். இங்கே நான் வந்தபோது எனக்கே முதலில் ஒரு பெயர் வைத்தார்கள். நம் ஊர் பாஸ்போர்ட்டில் எனக்குக் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. ஜெயலக்ஷ்மி, அவ்வளவுதான் நான். அமெரிக்கக் கம்ப்யூட்டருக்குக் காலி இடம் ஆகாது. ஜெயலக்ஷ்மியைத் தூக்கிக் குடும்பப் பெயர் ஆக்கியது. முன்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘முன்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கமாக எஃப், என், யு என்று மூன்று எழுத்தைப் போட்டது. பேங்கும் மின்சாரக் கம்பெனியும் அந்த மூன்றெழுத்தையே என் பெயராக எண்ணி ‘அன்புள்ள ஃப்னு’ என்று கடிதம் எழுதின. பல் டாக்டரின் வரவேற்பறையில் ஒரு பெண் வந்து "ஃப்னு!" என்று கூவினாள். நானும் எழுந்து போனேன். இதைத் திருத்தவேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் போய் நின்றால், ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் முன்பெயர் என்ன?"

ஆபீசில் அந்தச் சிரமமே வைக்கவில்லை. ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் ஆபீஸ் அது. முதல் நாளே மேனேஜர் என்னை ‘ஜே’ ஆக்கிவிட்டார். ஜெயலக்ஷ்மியில் அவருக்குப் பிடித்த பகுதி அதுதான் போலிருக்கிறது. மீதியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே வசந்தம் தொடங்கி இலை உதிரும் வரை ஒரே பேச்சுதான்: பேஸ்பால். அந்த ஆட்டம் எனக்கு இன்றும் முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் அணிகளுக்குப் பெயர் வந்த கதைகள் பிடித்துப்போயின. சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதை ஒன்றை எடுத்துவிட்டால் போதும், ‘ஜே நம்ம ஆளு’ என்று பக்கத்தில் உட்கார இடம் தருவார்கள். என் உண்மையான விசா அதுதான்.

நாம் நினைப்போம், பணம் கொழிக்கிற தொழில்முறை அணிகள் ஆயிற்றே, பெரிய மூளைகள் கூடி யோசித்து வைத்திருப்பார்கள் என்று. ஒன்றும் கிடையாது. இரண்டு அணிகளுக்குப் பெயர் காலுறையின் நிறம். ஒன்று சிவப்புக் காலுறை, ஒன்று வெள்ளைக் காலுறை. இன்னொரு அணியின் சட்டை ஓரத்துச் சிவப்பைப் பார்த்து ஒரு சீமாட்டி "என்ன அழகான சிவப்பு!" என்று மெய்மறந்தாளாம், பத்திரிகைக்காரர் காதில் விழுந்தது, அந்த நிறத்தின் பெயரே அணிக்கு வந்தது என்கிறார்கள். அதே பெயரில் ஒரு குருவி இருப்பது வெகுகாலம் கழித்துத்தான் யாருக்கோ ஞாபகம் வந்து, குருவியைச் சட்டையில் உட்கார வைத்தார்கள்.

எனக்குப் பிடித்தவை வசவில் பிறந்த பெயர்கள். ஓர் அணி பக்கத்து அணிக்குச் சேரவேண்டிய ஆட்டக்காரரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. "கடற்கொள்ளைக்காரன் புத்தி!" என்று வைதார்கள். "அப்படியா, சந்தோஷம்" என்று அந்த அணி ‘கடற்கொள்ளையர்’ என்றே பெயர் வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஆடுகிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு காலத்தில் தெருவெல்லாம் டிராம் ஓடியது. அந்தப் பேட்டைக்காரர்களுக்கு டிராமில் அடிபடாமல் துள்ளித் தப்புவதே பிழைப்பு என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அந்தக் கேலியே அணிக்குப் பெயர்: ‘தப்பி ஓடுகிறவர்கள்’.

எங்கள் ஊர் அணி இன்னும் வேடிக்கை. ஒரு காலத்தில் கேப்டனின் பெயரையே அணிக்கு வைத்திருந்தார்கள். கேப்டன் போனார், பெயரும் போயிற்று. அடுத்தபடி ‘இந்தியர்கள்’ என்று வைத்தார்கள். அமெரிக்கப் பழங்குடிகளைத்தான் சொன்னார்கள், அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல். நூறு வருஷத்துக்கும் மேல் அவர்கள் மனம் நொந்த பிறகு, சமீபத்தில்தான் எடுத்தார்கள். அப்போது ஆபீசில் எல்லோரும் என் மேஜையைச் சுற்றி நின்று, "ஜே, உன் கருத்து என்ன?" என்று கேட்டார்கள். நான் வலியசாலை என்று எத்தனை தரம் சொல்வது? அந்த இடத்துக்கு வந்த புதுப் பெயர், ஊர்ப் பாலத்தில் போக்குவரத்தைக் காவல் காக்கும் கல் சிலைகளுடையது. கல்லுக்கு மனம் நோகாது என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

3

காரை ஓட்டிக்கொண்டே மணிக்குக் கடற்கொள்ளையர் கதையைச் சொல்லிவிட்டு, முடிவாகச் சொன்னேன்: "பேர் வெளியில தேடாதே. நமக்கு ஊர் வெச்ச பேர் ஒண்ணு இருக்கே."

அவனுக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம் அக்கா" என்றான்.

அந்தப் பெயர் தயிர்சாதம். நான் கல்யாணமாகி விமானம் ஏறுவதற்கு முந்தின வருஷம் வந்தது. ஸ்ரீவராகம் தெருக்காரர்களோடு ஒரு மேட்ச். காலையில் அவர்களை நம் பையன்கள் சுருட்டிவிட்டார்கள். அடிக்கவேண்டிய ரன் சொற்பம், நாள் முழுக்க நேரம். நடுவில் இடைவேளை. ஸ்ரீவராகத்தார் ஆளுக்கொரு நாரங்கா சோடா, எலுமிச்சை பிழிந்தது, குடித்துவிட்டுப் பந்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நம்மவர்கள் பலாமர நிழலில் இலை போட்டு உட்கார்ந்தார்கள்.

மணியின் ஏற்பாடு அது. நல்ல காரியம் நடந்தால் பதினொரு மணிக்குப் பந்தி என்பது எங்கள் தெருவின் சட்டம். ஜெயிக்கப்போகிற மேட்ச் நல்ல காரியம் இல்லாமல் என்ன? அம்மா ஒரு பெரிய அடுக்கு நிறையத் தயிர்சாதம் பிசைந்து, இஞ்சி நறுக்கிப் போட்டு, கடுகு தாளித்து அனுப்பியிருந்தாள். மாவடு வேறு. மறுசோறு, அதற்கு மேல் இன்னொரு தரம் மறுசோறு. பிறகு ஆட வந்தார்கள். முதல் ஆள் பந்து வரும்போது கொட்டாவி விட்டான், ஸ்டம்ப் பறந்தது. அடுத்து இறங்கவேண்டியவனைப் பலாமரத்தடியில் தட்டி எழுப்பவேண்டி வந்தது. அவன் பேடைக் கட்டியிருந்தது ஒரே காலில். மொத்த அணியும் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து ஏப்பம் விட்டுக்கொண்டே போயிற்று. எல்லைக்கோட்டில் நின்ற ஸ்ரீவராகத்தார் தாளம் போட்டுக் கத்தினார்கள்: "தயிர்சாதம்! தயிர்சாதம்!" கத்திவிட்டு அவர்களும் வீட்டுக்குப் போய் அதையேதான் சாப்பிட்டிருப்பார்கள். ஆனாலும் பெயர் நமக்கு ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து மணி மேட்ச் நாளில் பையன்களைப் பழத்துக்கு மேல் தொடவிடுவதில்லை. தானும் அந்த நாட்களில் மோர்கூட விட்டுக்கொள்ளமாட்டான்.

"அது என் மானம் போன கதையாக்கும்" என்றான்.

"அதனாலதாண்டா. சிங்கத்துக்கு யார் வேணும்னாலும் மேனேஜரா இருக்கலாம். தயிர்சாதத்துக்கு உன்னை விட்டா யார் இருக்கா? அந்தக் கதையே உன்னோடதுதானே. கடற்கொள்ளைக்காரன்னு திட்டினா, அவா என்ன பண்ணினா? எடுத்துச் சட்டையில போட்டுண்டா."

இன்னும் இரண்டு தரம் வேண்டாம் என்றான். கடைசியில், "நீயே வந்து சொல்லு. வீடியோவில" என்றான்.

காலேஜிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் பெண் அஞ்சனாவிடம் அன்று சாயங்காலம் இதைச் சொன்னேன். அவளுக்கு வலியசாலை என்பது கொசுவும் மாமாவும் இருக்கிற ஓர் இடம். தமிழில் நான் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். இங்கிலீஷில் நான் கேட்டால் என் உச்சரிப்பைத் திருத்திவிட்டுப் பதில் வரும். ஆனால் இதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். "கேரளாவில் சிங்கமே கிடையாதே அம்மா, அந்த ஆளுக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டாள். பிறகு, "மாமாவுக்கு இது ஓகேவா?" என்றாள். ஓகேதான் என்றேன்.

4

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலைக் காபி, அவர்களுக்கு அந்தி விளக்கு. கோவில் பக்கத்துச் சின்ன ஹாலில் கூட்டம். என்னை, அதாவது மணியின் போனை, ஒரு பழைய கோப்பையில் சாய்த்து வைத்திருந்தார்கள். பாதி நேரம் மின்விசிறிதான் தெரிந்தது. முன்வரிசையில் ஹரிஹரன், சந்தனப்பொட்டோடு. பின்னால் பையன்கள். எல்லோரும் எங்கள் தெருப் பிள்ளைகள்தான். வீட்டில் அப்பா அம்மா தமிழில் திட்டுவார்கள், அவர்கள் மலையாளத்தில் வாங்கிக்கொள்வார்கள்.

நான் காலுறைக் கதையிலிருந்து ஆரம்பித்தேன். குருவிக்குச் சிரித்தார்கள். கடற்கொள்ளையருக்குக் கை தட்டினார்கள். டிராமில் தப்பி ஓடுகிறவர்களைச் சொன்னபோது ஒரு பையன், "சேச்சி, நம்மள் கிழக்கேகோட்டையில தனியார் பஸ்ஸினடியில நின்னு தப்பிச்சு ஓடுந்நவராணல்லோ!" என்றான். நாமும் பஸ்ஸுக்கு அடியில் சிக்காமல் தப்பி ஓடுகிறவர்கள்தானே என்கிறான். ஹால் அதிர்ந்தது. அப்போதுதான் நான் தயிர்சாதத்தை எடுத்து வைத்தேன்.

முன்வரிசை திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தது. பிறகு யாரோ "அடிபொளி!" என்று குதூகலமாகக் கத்தினான். மணி தலையைக் குனிந்துகொண்டிருந்தான். தலைவர் அவனை எழுந்து அந்த மேட்ச் கதையைச் சொல்லச் சொன்னார். அவன் எழுந்தான். இத்தனை வருஷமாக யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற அந்தக் கதையை, ஒற்றைக் காலில் பேட் கட்டியவன் வரை, தானே நடித்துக் காட்டினான். பையன்கள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எனக்கு ஒஹாயோவில் சமையலறையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வந்தது. என் தம்பி இவ்வளவு நன்றாக நடிப்பான் என்று எனக்குத் தெரியாது.

தயிர்சாதம் வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். முதல் கை ஹரிஹரனுடையது. தோற்றவர் பெருந்தன்மையாக இருக்கிறார் என்று நினைத்தேன். முப்பது வருஷம் வெளிநாட்டில் இருந்தால் புத்தி இப்படித்தான் மழுங்கும்.

5

இரண்டு வாரத்தில் வலியசாலை முக்கில் ஃபிளெக்ஸ் வந்தது. மணி போட்டோ அனுப்பினான். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மண்சட்டி, கையில் பேட்; மூன்று பச்சைமிளகாய் ஸ்டம்பாக நட்டிருந்தன. ‘தயிர்சாதம் லெவன்’ என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும். தமிழுக்கு இடம் போதவில்லையாம். கீழே ஹரிஹரன் ஹோட்டலின் படம்: ஓணம் ஸ்பெஷல் தயிர்சாதப் பொட்டலம், மாவடுவோடு, ஒன்று வாங்கினால் மேட்ச் பார்க்க டோக்கன். சிங்கத்தை வைத்து எந்த ஹோட்டல்காரர் என்ன விற்பார்? அந்த மனிதருக்கு நான் அமெரிக்காவிலிருந்து இலவசமாக விளம்பரம் எழுதிக் கொடுத்திருந்தேன். அவரே போன் பண்ணிப் பாராட்டினார்: "ஜெயா, நீ அங்க பில் பாத்துண்டு உக்காந்திருக்க வேண்டியவளே இல்லை!"

முதல் ஃபிளெக்ஸில் மணியின் முகம் தபால்தலை அளவுக்கு ஓர் ஓரத்தில் இருந்தது. அடுத்ததில் அந்த இடத்தில் ஒரு மாவடு இருந்தது.

செய்தியை அவனுக்கு எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? ஹோட்டலுக்குக் கூப்பிட்டு, இலை போட்டு, ஹரிஹரனே பக்கத்தில் நின்று பரிமாறச் சொல்லி, பாயசம் வந்த பிறகு சொன்னார்கள். "மணி, உன் கதை இல்லேன்னா இந்தப் பேரே இல்லை. ஆனா இப்ப இது ஒரு பிராண்டாயாச்சு. பிராண்டுக்கு ஒரு சின்ன வயசு முகம் வேணும்." மருமான் எதிரே உட்கார்ந்து லேப்டாப்பில் ஏதோ காட்டினானாம். பெயரை ஹரிஹரனின் ஹோட்டல் கம்பெனி பெயரில் பதிவு செய்தாயிற்று, வேறு யாரும் உபயோகிக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்கள். கமிட்டித் தலைவர்? அவர் பாயசத்தில் திராட்சை தேடிக்கொண்டிருந்தாராம்.

"கசேரி உண்டாம் அக்கா. வி.ஐ.பி. வரிசையில. குஷன் வெச்சது."

கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்ட பாதிக் கதை ஒன்று இருக்கிறது. சிரிப்பு வராது என்பதால் விட்டேன். புரூக்ளின் அணியை அதன் முதலாளி ஒருநாள் மூட்டை கட்டித் தேசத்தின் மறுகரைக்குக் கொண்டுபோனார். வியாபாரம் அங்கே நன்றாக இருந்தது. போகும்போது பெயரையும் எடுத்துக்கொண்டார். டிராமில் அடிபடாமல் துள்ளியவர்கள் புரூக்ளினிலேயே நின்றார்கள். அவர்களுடைய கேலி, அவர்களுடைய பெயர், இன்னொரு ஊர்ச் சட்டையில் போய் உட்கார்ந்து கோடி கோடியாகச் சம்பாதிக்கிறது. அந்த ஊரில் பாதிப் பேருக்கு அது எதற்கு வந்த பெயர் என்றே தெரியாது.

அஞ்சனாவிடம் சொன்னேன். அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "மாமாவைக் கூப்பிட்டு ஸாரி சொன்னியா?" என்று தமிழிலேயே கேட்டாள். எனக்கு வேண்டாத நேரத்தில் அவளுக்குத் தமிழ் எவ்வளவு சுத்தமாக வருகிறது!

சொன்னேன். "நீ என்ன பண்ணுவே அக்கா" என்றான் மணி. எனக்கு அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

6

ஓணத்துக்கு அடுத்த நாள் மேட்ச். எதிரணி, வேறு யார், ஸ்ரீவராகம்தான். அன்று நான் ஆபீசில் பில்லைப் பார்த்துக்கொண்டு போனையே கவனித்துக்கொண்டிருந்தேன். காலை இடைவேளையில் மணி கூப்பிட்டான். குரலே இல்லை. கரகரவென்று காற்றுதான் வந்தது.

"அழுதியாடா?"

"இல்லை அக்கா. தொண்டை கட்டிண்டுடுத்து."

நடந்தது இது. மைதானத்துக்குப் போனான். வி.ஐ.பி. வரிசையில் குஷன் வைத்த கசேரி இருந்தது, முதுகில் அவன் பெயர் ஒட்டியிருந்தது. ஹரிஹரனின் மருமான் ஓடிவந்து கையைப் பிடித்து உட்காரச் சொன்னான். மணி உட்காரவில்லை. மைதானத்தைச் சுற்றி நடந்தான். எல்லைக்கோட்டின் அந்தப் பக்கம் ஸ்ரீவராகத்தார் நின்றுகொண்டிருந்தார்கள். அன்று கத்தியவர்களில் பாதிப் பேர், தொப்பையும் மூக்குக்கண்ணாடியுமாக. இவன் போய் அவர்களோடு நின்றான். அவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். முதல் விக்கெட் விழுந்தது. வழக்கம்போல ஆரம்பித்தார்கள்: "தயிர்சாதம்! தயிர்சாதம்!"

"நானும் கத்தினேன் அக்கா."

"என்னடா சொல்றே?"

"கடைசி விக்கெட் வரைக்கும் கத்தினேன். என்னைவிட ஓங்கி ஒருத்தரும் கத்தலை. நம்ம பிள்ளேர் திரும்பித் திரும்பிப் பாத்தா. தோத்தா. நன்னாத் தோத்தா."

சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்தது. நான் வளர்த்த பிள்ளைகள், அக்கா, என்றான். பேட் பிடிக்க நான் சொல்லிக்கொடுத்த கை, அது அவுட்டாகும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றான். அதைச் சொல்லும்போதுதான் அழுதான் என்று நினைக்கிறேன். கரகரப்பில் சரியாகத் தெரியவில்லை.

அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு விஷயத்துக்கு வந்தான். மேட்ச் முடிந்ததும் ஸ்ரீவராகத்துக்காரர்கள் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்களாம். அவர்களுக்கும் ஆள் இல்லையாம். அடுத்த வருஷத்திலிருந்து தங்கள் அணியைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்களாம். ஆட்டோ ஏறினால் மீட்டர் மினிமத்தைத் தாண்டாத தூரம்தான்.

"போட்டுமா அக்கா?"

எங்கிருந்தோ எங்கேயோ போவதற்கு யோசனை கேட்டு இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் எனக்குப் போன் செய்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன். மணிக்கும் அதையே சொன்னேன். "போடா."

"போகலாம். கூப்பிடறா, மரியாதையாக் கூப்பிடறா. ஆனா போயாச்சுன்னா, அதுக்கப்பறம் நம்ம தெருவில நான் எப்படி நடக்கறது?"

"தாராளமா நடக்கலாம். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டா. எல்லாரும் நன்னாச் சிரிப்பா, காபி வேணுமான்னு கேப்பா. அதுக்கப்பறம் ஒண்ணே ஒண்ணு கேப்பா."

"என்ன கேப்பா?"

"எப்ப வந்தே, எப்பத் திரும்பிப் போறேன்னு."